‘ஃபார்மட் செய்யவா?’ என்று டிஸ்க் கேட்டால்

கேள்வி: “ஐயா, நான் மியான்மரின் மோல்மேனில் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 2017இல் வாங்கிய 1 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று என்னிடம் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தயாரித்த பாடங்கள், வருடா வருடம் எடுத்த திருவிழாப் படங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் அப்பத்தா பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் அதில்தான் உள்ளன. பழைய கேசட்டுகளிலிருந்து மாற்றியவை அவை. போன மாதம் தீமிதிப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அதிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினால் ‘டொடிங், டொடிங்’ என்று சத்தம் மட்டும் வந்து வந்து போகிறது, டிஸ்க் தெரியவில்லை. விளக்கு எரிகிறது. தம்பி மகனின் லேப்டாப்பில் மாட்டினால், ‘ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா?’ என்று கேட்கிறது. ஃபார்மட் செய்துவிட்டு, பிறகு ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துவிடலாம் என்கிறான் அவன். இங்கே ஒரு கடையிலும் அதையே சொன்னார்கள். செய்யலாமா?”

அன்புள்ள சயாமா (பர்மிய மொழியில் ஆசிரியை),

உங்கள் வகுப்புப் பிள்ளைகள் உங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்ற எண்ணத்தில் நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

செய்ய வேண்டாம். இதைச் சொல்லத்தான் உங்கள் கடிதத்தை மற்றவற்றுக்கு முன்னால் எடுத்துக்கொண்டேன். இதைப் படிக்கிற நேரத்தில் அந்த டிஸ்க் எந்தக் கம்ப்யூட்டரிலாவது மாட்டியிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். மேசைமேல் தட்டையாக வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். மாட்டாமல் இருக்கும்வரை அதில் இருப்பது எதுவும் குறையப்போவதில்லை.

தம்பி மகன் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. பாதி உண்மையும் இருக்கிறது. மீதிப் பாதியில்தான் ஆபத்து.

ஹார்ட் டிஸ்க்கில் உங்கள் கோப்புகள் ஒரு பக்கம் இருக்கின்றன. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. படங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் இரண்டிலும் மாறி மாறி எழுதும். கரண்ட் போன நொடியில் அந்தக் கணக்கில் எழுத்து பாதியில் அறுந்திருக்க வேண்டும். உங்கள் வகுப்பை வைத்தே சொல்கிறேன். வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் தண்ணீர் பட்டு மை கலைந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் மண்டபத்தில் அவரவர் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் விண்டோஸ் பதிவேட்டைப் பார்த்துத்தான் பெயர் கூப்பிடும். பக்கத்தைப் படிக்க முடியவில்லை என்றதும், “புதுப் பதிவேடு போட்டுவிடட்டுமா?” என்று கேட்கிறது. அந்தச் செய்தியின் பொருள் அவ்வளவுதான். அப்பத்தாவின் பாட்டு அழிந்துபோனது என்று அது சொல்லவில்லை.

ஃபார்மட்டுக்குச் சரி என்று சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். ‘குயிக்’ என்ற சின்னக் கட்டத்தில் டிக் இருந்தால், பழைய பதிவேடு இருந்த இடத்திலேயே வெற்றுப் பதிவேடு எழுதப்படும். கோப்புகள் பெரும்பாலும் தப்பும். ஆனால் அவற்றின் பெயர், எந்த ஃபோல்டரில் எது இருந்தது என்ற தகவல் எல்லாம் போய்விடக்கூடும். டிக் இல்லாமல் ஓட்டினால் கதையே வேறு. விண்டோஸ் விஸ்டா வந்த காலத்திலிருந்து முழு ஃபார்மட் என்பது டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்திலும் பூஜ்ஜியம் எழுதுகிற வேலை. அது முடிந்த பிறகு எந்த சாஃப்ட்வேரும், எவ்வளவு பெரிய லேபும் ஒரு படத்தைக்கூட மீட்டுத் தர முடியாது. அவசரத்தில் கைபோகிற ஒரு டிக்கை நம்பி உங்கள் அப்பத்தாவின் குரலை ஒப்படைக்கக் கூடாது.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரே குறையாகச் சொல்லியிருப்பது என் கண்ணுக்கு இரண்டு குறைகளாகத் தெரிகிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் சத்தம் வந்து வந்து போவது ஒன்று. லேப்டாப்பில் ஃபார்மட் கேட்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் அந்த ‘டொடிங்’. ஒரு பொருள் யுஎஸ்பியில் சேரும்போது ஒரு சத்தம், பிரியும்போது ஒரு சத்தம். மாறி மாறி வந்தால் டிஸ்க் எழுந்திருக்கப் பார்க்கிறது, முடியாமல் விழுகிறது, மறுபடி எழப் பார்க்கிறது என்று பொருள். பெரும்பாலான நேரம் இது கரண்ட் போதாமை. உங்கள் டிஸ்க் கைக்கு அடக்கமான சின்ன வகை, தனி அடாப்டர் இல்லாதது என்று வைத்துக்கொள்கிறேன். அதற்கு வேண்டிய கரண்ட் முழுவதும் அந்த ஒரே கேபிள் வழியாகத்தான் போகிறது. யுஎஸ்பி 2 துளை விதிப்படி தருவது 500 மில்லி ஆம்பியர்; பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் யுஎஸ்பி 3 துளை தருவது 900. உள்ளே தட்டு சுழலத் தொடங்கும் முதல் ஓரிரு நொடியில் டிஸ்க் ஏறக்குறைய ஒரு ஆம்பியர் வரை இழுக்கும். கேபிள் நீளமாகவோ தேய்ந்தோ இருந்தால், நடுவில் ஹப் இருந்தால், வழியிலேயே கொஞ்சம் குறைந்துவிடும். விளக்கு எரிகிறதே என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். விளக்குக்கு வேண்டியது மிகக் கொஞ்சம் கரண்ட். மோட்டார் சுற்ற முடியாத நிலையிலும் விளக்கு எரியும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

மேசைக் கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையில் மாட்டுகிறீர்களா? எல்லாரும் வசதிக்காக அங்கேதான் மாட்டுவோம். அந்தத் துளைகள் பெட்டிக்குள் ஒரு மெல்லிய ஒயர் வழியாகப் போய்த்தான் போர்டில் சேருகின்றன. பின்பக்கத் துளைகள் போர்டிலேயே பதிந்தவை. சின்ன டிஸ்க்குகளுக்குப் பின்பக்கம்தான் நல்லது.

கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டிஸ்க் பழுது என்று என் மேசைக்கு வருகிறவற்றில் கேபிளாலேயே கெட்ட பெயர் வாங்கியவை நிறைய. சென்ற மழைக்காலத்தில் பெகுவிலிருந்து ஒரு பெரியவர், மகள் கல்யாணப் படங்கள் இருந்த டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். அவருக்கும் வேறொரு கடையில் ஃபார்மட் யோசனைதான் சொல்லியிருந்தார்கள். மாட்டினேன், விளக்கு மினுக்கியது, சத்தம் வந்து வந்து போனது. டிஸ்க்கோடு சேருகிற இடத்தில் கேபிளின் தலையைக் கட்டைவிரலால் லேசாக ஒரு பக்கம் அழுத்தினேன். மினுக்கு நின்றது. விரலை எடுத்தேன், மறுபடி மினுக்கியது. உடனே கழற்றி வேறு கேபிள் போட்டோம். படங்கள் எல்லாம் திரையில் வந்தன. பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். அவர் ஃபார்மட்டுக்குச் சரி என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்த டிஸ்க்கைத் துடைத்திருப்போம்.

அந்தக் கேபிளின் தலையைப் பாருங்கள். அகலமாக, நடுவில் ஒரு வெட்டு விட்டு இரண்டு துண்டாகத் தெரியும். தொடக்கத்திலிருந்தே அது அவ்வளவு உறுதியான அமைப்பு இல்லை. ஐந்தாறு வருடம் மாட்டிக் கழற்றினால் தளர்ந்துவிடும். புதுக் கேபிள் கிடைக்கும்வரை சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அகலத் துளையின் பெரிய பகுதி, பழைய ஆண்ட்ராய்டு போன்களின் மைக்ரோ யுஎஸ்பி துளையேதான். அந்தப் போன் கேபிளை அதில் மாட்டலாம். வேகம் குறையுமே தவிர டிஸ்க் தெரியும். ஒரே எச்சரிக்கை, சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படுகிற மலிவான கேபிள்களில் தகவல் போகும் கம்பி இருக்காது. போனிலிருந்து படம் மாற்றப் பயன்பட்ட கேபிளாகப் பார்த்து எடுங்கள்.

சோதிக்கும்போது காதையும் பயன்படுத்துங்கள். டிஸ்க்கை மேசைமேல் வைத்து, மாட்டிவிட்டு, காதை மேசைப் பலகையோடு ஒட்டிக் கேளுங்கள். முதலில் மெல்லிய ‘உய்ய்ய்’ என்று எழும்பி, பிறகு சீராக ஓடும் ஓசை கேட்டால் மோட்டார் சுற்றுகிறது. ‘டக்… டக்… டக்’ என்று தாளம் போட்டதுபோல் ஒரே அளவில் தட்டினால், தட்டுகளைப் படிக்கிற ஊசிமுனை வழி தெரியாமல் அலைகிறது. மெல்லிய ‘பீப்’ போல விட்டு விட்டு வந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் திணறுகிறது. கரண்ட் போதாமலும் இருக்கலாம், உள்ளே ஊசிமுனை தட்டில் ஒட்டிக்கொண்டும் இருக்கலாம். நல்ல கேபிள், லேப்டாப்பின் யுஎஸ்பி 3 துளை, இரண்டும் இருந்தும் தட்டலோ பீப்போ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இன்னொரு முறை பார்ப்போமே என்று மாட்டவே கூடாது. உடைந்த ஊசிமுனை சுழல்கிற தட்டின்மேல் உரசினால், மாட்டிய ஒவ்வொரு நிமிடமும் கோப்புகள் பொடியாக உதிர்கின்றன. ஓடுகிற தட்டுக்கும் ஊசிமுனைக்கும் உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டில் திறந்து பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை.

ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் கேட்காதீர்கள். வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் உங்களுடையது. குளிர்ந்த டிஸ்க்கை அந்தக் காற்றில் வெளியே எடுத்தால் உள்ளும் புறமும் நீர் பூத்துவிடும். தட்டிப் பார்ப்பது, குலுக்கிப் பார்ப்பது எல்லாம் இதே வகைதான்.

உங்கள் டிஸ்க் தட்டவில்லை என்றே நம்புகிறேன். காரணம், லேப்டாப்பில் அது ஃபார்மட் கேட்டது. அப்படிக் கேட்க வேண்டுமானால் டிஸ்க் எழுந்து, சுழன்று, தன் அளவைச் சொல்லி, கம்ப்யூட்டரோடு பேசியிருக்க வேண்டும். உங்களைப் பயமுறுத்திய அந்தச் செய்தியில்தான் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

அடுத்த வேலை, லேப்டாப்பில் பார்க்க மட்டும் செய்வது. லேப்டாப்பை முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் கரண்ட் முறைவைத்து வருகிறபோது, ஜெனரேட்டருக்கு மாற்றுகிற நேரத்தில் எதுவும் தொடக்கூடாது. டிஸ்க்கை மாட்டியதும் ஃபார்மட் கேள்வி வந்தால் ‘கேன்சல்’ அழுத்துங்கள். விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டைத் திறங்கள். கீழ்ப்பாதியில் ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு வரிசையாகத் தெரியும். உங்களுடையதன் வரிசையில் 931 ஜிகாபைட் என்று இருக்க வேண்டும். 1 டெராபைட்டில் மிச்சம் எங்கே என்று கலங்காதீர்கள்; கம்பெனி ஆயிரத்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1,024ஆல் கணக்கிடுகிறது.

அளவு சரியாக இருந்து, பகுதியின்மேல் ‘ரா’ என்ற மூன்று ஆங்கில எழுத்து இருந்தால், நான் மேலே சொன்ன கலைந்த பதிவேடு அதுதான். உங்களுக்கு இதுதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். வழக்கமான பெயரும் ‘என்டிஎஃப்எஸ்’ அல்லது ‘எக்ஸ்ஃபேட்’ என்ற சொல்லும் (பதிவேடு எழுதுகிற இரண்டு முறைகளின் பெயர்கள் இவை) இருந்து, டிரைவ் எழுத்து மட்டும் இல்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அந்தப் பகுதியின்மேல் வலது கிளிக் செய்து ஓர் எழுத்தைக் கொடுத்தால் வேலை முடிந்தது. ‘நாட் இனிஷியலைஸ்டு’ என்று வந்து, ‘இனிஷியலைஸ் செய்யவா?’ என்று பெட்டி ஒன்று எழுந்தால், அதற்கும் ‘கேன்சல்’தான். அதுவும் டிஸ்க்கின் முதல் பக்கத்தில் எழுதுகிற வேலை. அளவு பூஜ்ஜியமாகவோ சம்பந்தமில்லாத எண்ணாகவோ இருந்தால் கோளாறு டிஸ்க்கின் உடலில் இருக்கிறது, கழற்றிவிடுங்கள்.

சிலர் இந்த இடத்தில் ‘செக்டிஸ்க்’ ஓட்டச் சொல்வார்கள். விண்டோஸே ‘ஸ்கேன் செய்து சரிசெய்யவா?’ என்று கேட்கும். நல்ல கருவிதான், ஆனால் இந்த வேளைக்கு ஆகாது. அதன் வேலை பதிவேட்டை ஒழுங்குபடுத்துவது. கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் முதல் கவலை இல்லை. ஒழுங்கு செய்கிற வேகத்தில் சேராத துண்டுகளை எண் போட்ட கோப்புகளாக ஒரு மூலையில் குவித்துவிடும். பழுதுபட்ட டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஓடி, இருக்கிற உயிரையும் தேய்த்துவிடும். நகல் எடுத்த பிறகு எதை வேண்டுமானாலும் ஓட்டலாம்.

உடல்நலம் பார்க்க ‘கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். லேப்டாப்பில் போட்டு, டிஸ்க்கை மாட்டி, மூன்று வரிகளை மட்டும் பாருங்கள்: 05, சி5, சி6. முதலாவது, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட துண்டுகள். இரண்டாவது, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. மூன்றாவது, கைவிடப்பட்டவை. மூன்றிலும் பூஜ்ஜியம் என்றால் டிஸ்க்கின் உடல் பெரும்பாலும் நலம். கணக்கு மட்டும் கெட்டிருக்கிறது. சி5இல் எண் இருந்து, அடுத்த முறை பார்க்கும்போது அது ஏறியிருந்தால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. இனி மாட்டுவது நகல் எடுக்க ஒரே ஒரு முறையாக இருக்கட்டும்.

அந்த நகல்தான் இந்த வேலையின் இதயம். மீட்பு சாஃப்ட்வேரை உங்கள் டிஸ்க்கின்மேல் நேராக ஓட்டுவதை நான் விரும்பவில்லை. முதலில் டிஸ்க்கை எழுத்துக்கு எழுத்து அப்படியே இன்னொரு பெரிய டிஸ்க்குக்குப் படியெடுக்க வேண்டும். பிறகு மூலத்தை அலமாரியில் வைத்துவிட்டு நகலோடு மல்லுக்கட்ட வேண்டும். நகலில் தவறு செய்தால் இன்னொரு நகல் எடுக்கலாம். ஆகவே 2 டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்க வேண்டியிருக்கும். இந்தச் செலவைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை முடிந்தபின் அதுவே உங்கள் இரண்டாவது பிரதியாகிவிடும்.

படியெடுக்க நான் பயன்படுத்துவது ‘டிடிரெஸ்க்யூ’. விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டுகிற லினக்ஸில் ஓடுவது, காசு வேண்டாம். நம் ஊருக்கென்றே செய்ததுபோல் அதில் ஒரு வசதி இருக்கிறது. எதுவரை படித்தோம், எந்தத் துண்டு படிக்க வரவில்லை என்று தனியாக ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனாலும், லேப்டாப் அணைந்தாலும், மறுநாள் அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதலில் எளிதாக வருகிற இடங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கிற இடங்களைக் கடைசியில் கவனிக்கும். நோய்ப்பட்ட டிஸ்க்குக்கு அதுதான் சரியான மருத்துவம். யுஎஸ்பி 3 துளையில் நொடிக்கு 100 மெகாபைட் வேகம் கிடைத்தால் 1 டெராபைட் முடிய மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகும். யுஎஸ்பி 2 என்றால் எட்டு மணி நேரம்வரை போகும். தம்பி மகனுக்கு லினக்ஸ் பழக்கம் இருந்தால் செய்யட்டும். ஆனால் எது மூலம், எது நகல் என்று கட்டளையில் இடம் மாறினால் வெற்று டிஸ்க் உங்கள் டிஸ்க்கின்மேல் எழுதப்பட்டுவிடும். ஆகவே இரண்டு பேர் உட்கார்ந்து, டிஸ்க்கின் அளவையும் மாடலையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் சரிபார்த்துத்தான் என்டர் தட்ட வேண்டும். நான் இன்றும் பையன்களை அப்படித்தான் செய்ய வைக்கிறேன்.

நகல் கைக்கு வந்த பிறகு ‘டெஸ்ட்டிஸ்க்’. இதுவும் இலவசம். கலைந்த முதல் பக்கத்துக்கு டிஸ்க்கிலேயே ஒரு மாற்றுப் பிரதி உண்டு. என்டிஎஃப்எஸ் என்றால் அது பகுதியின் கடைசியில் இருக்கும்; எக்ஸ்ஃபேட் என்றால் தொடக்கத்தை ஒட்டி, பன்னிரண்டாம் செக்டரிலிருந்து (செக்டர் என்பது டிஸ்க்கின் சின்னத் துண்டு). டெஸ்ட்டிஸ்க் அந்தப் பிரதியைத் தேடி, ஃபோல்டர்களைப் பெயரோடு பட்டியலிட்டுக் காட்டும். எதையும் எழுதாமலே கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு எடுத்துக்கொள்ளலாம். எழுத்து பாதியில் அறுந்தால் பதிவேட்டைச் சரிசெய்ய உதவுகிற நாட்குறிப்பு எக்ஸ்ஃபேட்டில் கிடையாது, என்டிஎஃப்எஸ்ஸில் உண்டு. அதனால்தான் கரண்ட் போய்ச் சேதமாகி வருகிற டிஸ்க் என்றால் முதலில் எக்ஸ்ஃபேட்டா என்று பார்ப்பேன். ஃபோல்டர் அமைப்பு அறவே வரவில்லை என்றால் கடைசியாக ‘ஃபோட்டோரெக்’. அது பதிவேட்டைப் பார்க்காது. மண்டபத்துக்குள் போய் முகத்தைப் பார்த்து, இது படம், இது பாட்டு என்று அடையாளம் கண்டு எடுத்துவரும். பெயர் தெரியாது, ஆயிரக்கணக்கான எண் போட்ட கோப்புகளில் அப்பத்தாவின் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். ஆனால் பாட்டு இருக்கும்.

இந்த இடத்தில் பலர் தேவையில்லாமல் கலங்குகிறார்கள் என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். மீட்ட கோப்புகளில் பர்மிய எழுத்தில் வைத்த பெயர்கள் தாறுமாறாகத் தெரிந்தால் அது சேதம் இல்லை. 2019க்கு முன்னால் நம் நாட்டில் பெரும்பாலோர் ஸாஜி எழுத்துருவில்தான் தட்டினோம். இப்போதைய கம்ப்யூட்டர்கள் யூனிகோடில் படிக்கின்றன. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் உண்டு. பழைய தமிழ்ப் பாடங்களும் அப்படித்தான். பாமினி போன்ற எழுத்துருவில் தட்டியிருந்தால், திறந்ததும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஒரு வரியும் புரியாது. அந்த எழுத்துருவைப் போட்டால் திருக்குறள் அப்படியே எழுந்து வரும். கெட்டுப்போனது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் டிஸ்க்கை வேறு உறையில் போடலாம் என்று கடையில் சொன்னால், டிஸ்க் எந்த வகை என்று பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் மை பாஸ்போர்ட் போன்றவற்றில் யுஎஸ்பி துளை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். தகவலும் அந்தப் போர்டில் உள்ள சிப் வழியாகப் பூட்டி எழுதப்பட்டிருக்கும். போர்டை மாற்றினால் எழுத்து எல்லாம் குப்பையாகத் தெரியும். துளை ஆட்டம் கொடுத்தால் அதையே திரும்பப் பற்றவைப்பதுதான் வழி.

யாங்கோனுக்கு என்னிடம் அனுப்ப முடிவு செய்தால் பஸ் பார்சலில் போடாதீர்கள். 300 கிலோமீட்டர் சாலையில் மூட்டைகளுக்கு அடியில் கிடந்து வருகிற டிஸ்க், வரும்போது வேறு நோயோடு வரும். வருகிற சொந்தக்காரர் யாரிடமாவது கொடுங்கள். பஞ்சுத் தலையணை உறைக்குள் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வரட்டும். டிஸ்க்கோடு ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதி வையுங்கள்: என்றைக்குக் கெட்டது, அதற்குப் பிறகு யார் யார் என்னென்ன செய்தார்கள், உங்களுக்கு முதலில் வேண்டியது எது. கடையில் ஏதாவது அழுத்தியிருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். மருத்துவரிடம் முதலில் சாப்பிட்ட மாத்திரையைச் சொல்வதுபோல்தான்.

இனி ஏற்றும்போது லேப்டாப்பிலிருந்தே ஏற்றுங்கள். கரண்ட் போனால் அதற்குப் பேட்டரி இருக்கிறது. மேசைக் கம்ப்யூட்டர்தான் என்றால் சிறிய யுபிஎஸ் ஒன்று வேண்டும். 2018 கடைசியில் வந்த பதிப்பு முதல் விண்டோஸ் 10, கழற்றும்போது சேதம் வராதபடி கொஞ்சம் கவனமாக எழுதுகிறது. ஆனால் ஏறிக்கொண்டிருக்கும் கோப்பை அதனாலும் காப்பாற்ற முடியாது. போன கரண்ட் திரும்பி வரும் நொடியில் வோல்டேஜ் குதிக்கும்; அதற்குள் டிஸ்க்கைக் கழற்றி வைத்திருந்தால் நல்லது. ஏற்றி முடித்ததும் ஒரு பிரதி கோயிலிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும். பாட்டுகள் மட்டும் எவ்வளவு இடம் பிடிக்கும்? ஒரு மெமரி கார்டில் அடங்கிவிடும். 1964ஐ ஒட்டிப் பர்மாவிலிருந்து கப்பலேறிப் போன உங்கள் உறவுகளின் பிள்ளைகள் தமிழ்நாட்டில் இருந்தால் அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள்; அவர்களுக்கும் அவர் அப்பத்தாதானே.

இரண்டு வேலை உங்களிடம் கேட்கிறேன். ஒன்று, டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையையும் கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ திரையையும் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எதையும் அழுத்த வேண்டாம், படம் மட்டும். மற்றது, அந்தப் பழைய கேசட்டுகள் இன்னும் வீட்டில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். கிடைத்தால் உடனே டேப்பில் போட்டுப் பார்க்காதீர்கள். மேல்விளிம்பில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். முதலில் இரண்டையும் உடைத்துவிடுங்கள், தவறிக்கூட மேலே பதிவாகாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் சுழற்றாமல் அப்படியே காற்றுப்புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, டிஸ்க் வருகிற அதே கையில் கொடுத்தனுப்புங்கள்.